உட்ரெக்ட் உடன்படிக்கையில் விடுபட்ட பத்தி

ஸ்பானிய வாரிசுரிமைப் போரைப் பல ஆண்டுகள் நான் இப்படித்தான் நடத்தினேன். 1700-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் பிள்ளையில்லாமல் இறந்தார். உயிலின்படி பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரன் பிலிப் அரியணை ஏறினார். இரு நாடுகளும் ஒரே குடும்பத்தின் கைக்குப் போய்விடுமோ என்று மற்ற அரசுகள் அஞ்சின. 1701-இல் போர். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை. பிலிப் மன்னராக நீடித்தார்; பிரிட்டனுக்கு ஜிப்ரால்டரும் மினோர்க்காவும் கிடைத்தன.

வரைபடத்தில் இவற்றைக் குறித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "இதுல ஜனங்களுக்கு என்ன சார் கிடைச்சது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன்.

பிரிட்டன் அதே ஆண்டில் இன்னொன்றும் பெற்றிருந்தது: ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளுக்கு ஆண்டுக்கு 4,800 ஆப்பிரிக்க அடிமைகள் என்ற கணக்கில், 30 ஆண்டுகள் விற்கும் உரிமை. மறுநாள் வகுப்பில் பெருக்கச் சொன்னேன். 1,44,000 என்று வந்தது. வகுப்பில் யாரும் பேசவில்லை.

அமைதி உடன்படிக்கை என்று நான் மனப்பாடம் செய்யவைத்ததற்குள் இந்தக் கணக்கும் இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் 'யாருக்கு என்ன கிடைத்தது' என்ற அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்க்கிறேன்: 'யாரிடமிருந்து?' நீங்களும் சேர்த்துப் பாருங்கள்.