பெயர்ப் பலகைக்கும் செய்கூலி, சேதாரம் உண்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மரத்தில் எழுத்துக் குடைந்து வீட்டுப் பெயர்ப் பலகை செய்து விற்கிறேன். நம் பிளாக்குகளில் சில கதவுகளில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து, "நாங்களும் செய்யலாமா சார், லாபம் வருமா?" என்று மூன்று நான்கு வீட்டார் கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. கைக்காசைப் போடும் முன் அவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ரூட்டர் என்றதும் வைஃபை பெட்டி ஞாபகம் வரும். இது வேறு. கையில் பிடித்து மரத்தைக் குடையும் மோட்டார் கருவி. நம் ஊர் கார்பென்டர்கள் இதன் சின்ன வகையை ட்ரிம்மர் என்பார்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழலும். முனையில் மாட்டும் பிட்டுக்குத் தக்கபடி பள்ளம் விழும். எழுத்துக்கு நான் வி வடிவ பிட்டைத்தான் விரும்புகிறேன். ஆழமாகப் போனால் கோடு தடிக்கும், மேலே எடுத்தால் மெலியும். நம் எழுத்தின் வளைவுக்கு அது இணங்கி வரும்.

ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து மரத்தில் சிரமம். 'ழ', 'ண', 'ஐ' போன்றவற்றின் சுழிக்குள் ஒரு குட்டித் தீவு போல மரம் நிற்கும். எழுத்து சிறியதானால் அந்தத் தீவு பெயர்ந்து வந்துவிடும். அதனால் தமிழ்ப் பெயருக்குப் பலகையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் வடிவமைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சில மென்பொருள்களில் 'கெ', 'கொ' எழுத்துகளின் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துவிடும். வெட்டும் முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 18 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள தேக்குப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 144 கன அங்குலம். ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். ஆக, ஒரு கன அடியில் 12 பலகை. கன அடி 3,600 ரூபாய் என்று வைத்தால் பலகைக்கு 300 ரூபாய். உங்கள் ஊர் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார். "மரம் 300 ரூபாய், 800க்கு விற்றால் 500 லாபம்" என்கிறார். நகைக்கடையில் தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம் என்று போடுகிறார்கள், நாமும் கொடுக்கிறோம். மரத்துக்கு மட்டும் அது கிடையாதா?

அறுக்கும்போதும் இழைக்கும்போதும் போகும் மரம் கால் பங்கு என்றால் 75 ரூபாய். பெயிண்ட், பாலிஷ், உப்புத்தாள் 150. பிட் தேய்மானம் 30. மின்சாரம், கொக்கி, திருகு, பேக்கிங் எல்லாம் 95. இதுவரை 650 ஆகிவிட்டது. நான் ஒரு மரப்பட்டறையில் மேசை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அந்த வகையில் பலகைக்கு 100 என்று வையுங்கள். கையை விட்டுப் போன பணம் மட்டும் 750.

வாடிக்கையாளரிடம் பேசி வடிவம் முடிவு செய்ய ஒரு மணி நேரம். அறுத்து இழைக்க ஒன்று, எழுத்துக் குடைய ஒன்று, பெயிண்ட் அடித்துத் தேய்க்க ஒன்றரை, பாலிஷும் பேக்கிங்கும் அரை. மொத்தம் 5 மணி நேரம். 800க்கு விற்றவருக்கு 5 மணி நேர உழைப்புக்கு மிஞ்சியது 50 ரூபாய், அதாவது மணிக்குப் பத்து ரூபாய். கருவியின் தேய்மானத்தை இன்னும் கழிக்கவே இல்லை.

மணிக்கு 120 ரூபாய் கூலி போடுங்கள், 600 வரும். கருவிகள் 24,000 ரூபாய், மூன்று வருடம் உழைக்கும், வருடத்துக்கு நூறு பலகை என்றால் பலகைக்கு 80. மொத்தம் 1,430. பத்தில் ஒன்று கெட்டுப்போகும் என்று அதில் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 1,570. ஆகவே 1,600 என்பது பேராசை விலை அல்ல, அடக்க விலையை ஒட்டிய விலை. அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்றால் பலகையைச் சிறிதாக்குங்கள், அல்லது ஒரே அளவில் நான்கைச் சேர்த்துச் செய்து நேரத்தைக் குறையுங்கள். உங்கள் கூலியை மட்டும் வெட்டாதீர்கள்.

அடுத்தது முன்பணம். பெயர் பொறித்த பலகையை வேறு யாருக்கும் விற்க முடியாது. பாதிப் பணத்தை முதலில் வாங்குங்கள். வடிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வந்த பிறகே மரத்தைத் தொடுங்கள். நம் மக்கள் எண் கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டுவார்கள், 'ரா'வா 'இரா'வா என்று பிறகு யோசிப்பார்கள். அவர்கள் உரிமை அது. ஆனால் வெட்டும் முன் யோசிக்கட்டும்.

பெரிய சி.என்.சி. இயந்திரம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தில் 3 லட்சம் போட்டு ஒன்று வாங்குவதாக வையுங்கள். 7 சதவீத வட்டியில் வருடத்துக்கு 21,000 போகிறது. ஐந்து வருடத் தேய்மானம் வருடத்துக்கு 60,000. நூறு பலகை விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 810 ரூபாய் ஏறும். 500 விற்றால் 162தான். ஆகவே ஆர்டர் முதலில், இயந்திரம் பிறகு. அதுவரை பூஜை அறைக் கதவுக்கு வேலைப்பாடு வெட்டித் தரும் சி.என்.சி. கடைகளில் கூலிக்கு வெட்டி வாங்கலாம். அதற்காக எஃப்.டி.யை உடைக்காதீர்கள். சின்னக் கருவிகளுக்குக் கடன் வேண்டுமானால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை. பிணை கேட்க மாட்டார்கள். உத்யம் பதிவு இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். வெளி மாநிலத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஜி.எஸ்.டி. பற்றி முதலில் ஓர் ஆடிட்டரைக் கேளுங்கள்.

நாம் எல்லோரும் சேர்ந்து வாழும் இடம் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பால்கனியில் ரூட்டர் ஓட்டாதீர்கள். மிக்ஸியைவிட அதிகமாக இரையும், நாள் முழுக்க இரையும். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கும், மேல்வீட்டில் இரவுப் பணி முடித்துத் தூங்குபவர் இருப்பார். மரத்தூள் வெறும் குப்பையும் அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பட்டறையிலும் என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் இல்லாமல் நான் வேலை செய்வதில்லை. வடிவமைப்பு, ஆர்டர் எடுப்பது, கணக்கு, தண்ணீரில் கரையும் பெயிண்ட் வேலை இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வெட்டுவதும் தேய்ப்பதும் வெளியே நடக்கட்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழைச் சாரல் அடிக்கும் திறந்த வராந்தாவில் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், ஈரம் பட்டால் உப்பிவிடும். தேக்கோ வேம்போ கேளுங்கள், எழுத்தோடு நான்கு ஓரத்துக்கும் பின்பக்கத்துக்கும் பாலிஷ் அடித்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

நம் குடியிருப்பிலேயே ஒருவர் இந்தத் தொழிலைத் தொடங்கினால், "தெரிந்தவர்தானே, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்காதீர்கள். முதல் ஐந்து ஆர்டர் அக்கம்பக்கத்தில்தான் வரும். அந்த ஐந்தும் தள்ளுபடியில் போனால் ஆறாவது ஆளிடமும் அந்த விலையைத்தான் சொல்ல முடியும். தொடங்க நினைப்பவர்கள் கணக்குத் தாளோடு என்னிடம் வாருங்கள். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் இருப்பேன். சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.