கலாசாலைப் பிரவேசமும் பட்டம் பெறுதலும்
(கண்ணமங்கலம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கலாசாலையிற் சேர்ந்த பிள்ளைகளை அழைத்து மாலையிட்டு வாழ்த்துவது சங்கங்களின் சிலாக்கியமான வழக்கமாகும். ஆயினும், மூன்றாண்டுகள் கழிந்தபின் அவர்களுள் எத்தனை பேர் பட்டத்துடன் வீடு திரும்பினர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வினாவைத் தங்கள்முன் வைக்கவே இன்று எழுந்து நிற்கின்றேன்.

2021-22ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கின்படி, 18 முதல் 23 வயதுடையோர் தொகையை நோக்க, கலாசாலைகளிற் பயில்வோர் விகிதம் தேச முழுவதிலும் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. இது நாம் பெருமை கொள்ளத்தக்கதே. ஆனால் இவ்வெண் உள்ளே புகுந்தோரைக் கணக்கிடுவதன்றி, முடித்து வெளிவந்தோரைக் கணக்கிடுவதன்று. மேலும் சராசரி என்பது பள்ளத்தை மறைக்கும் போர்வை. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80.1, பழங்குடியினருள் 54.3 மாத்திரமே. நம் ஊருக்கு அண்மையிலுள்ள சவ்வாது மலையில் வாழும் மலையாளி வகுப்பினரும் அவர்களைச் சேர்ந்தவரே.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இக்குறை உண்டு. அங்கே 2021இல், 25 வயதுக்கு மேற்பட்ட வெள்ளையருள் நூற்றுக்கு 41.9 பேர் பட்டதாரிகளாயிருக்க, ஸ்பானிய வமிசத்தாருள் 20.6 பேரே பட்டம் பெற்றிருந்தனர். இதற்குப் பரிகாரம் தேடி, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தார் 2007இல் ஓர் ஏற்பாடு தொடங்கினர். ஏழை மாணாக்கருக்குப் பிரயாணச் சீட்டும் புத்தகச் செலவும் அளித்து, ஒவ்வொருவரையும் அடிக்கடி கண்டு விசாரிக்க ஓர் ஆலோசகரையும் நியமித்தனர். பரீட்சித்துப் பார்த்ததில், மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர், அவ்வுதவி இல்லாதாருள் நூற்றுக்கு 22 பேர். உதவி பெற்றாருள் 40 பேர்! பிள்ளைகளின் புத்தி மாறவில்லை. விசாரிப்பார் இருந்தனர், அவ்வளவே.

நம் பிள்ளைகள் இடைநிற்பதேன்? தமிழிற் பயின்றவர் முதல் வருஷத்திலேயே ஆங்கில நூல்களைக் கண்டு திகைக்கின்றனர். ஒரு பாடத்தில் தவறினால் அது ‘அரியர்’ என்று நின்று, பின்னர் இரண்டாகி நான்காகின்றது. வேலூருக்கோ ஆரணிக்கோ தினந்தோறும் பிரயாணம், வீட்டிற் கடன், பெண்ணாயின் இடையிலே விவாகப் பேச்சு. சர்க்காரும் உதவாமலில்லை: அரசினர் பள்ளிகளிற் பயின்று உயர்கல்வி கற்பார்க்கு மாதம் ரூ.1000 வழங்கும் திட்டங்கள் பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் தொடங்கப்பெற்றன. ஆனால் பணம் வரும். ‘அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினாயா?’ என்று கேட்பது பணத்தால் ஆகுமோ?

சவ்வாது மலையைச் சார்ந்த புலியூர் ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பெண்மணி, பிரசவித்த சில தினங்களுக்குள் பரீட்சை எழுதி, 2024இல் தம் 23ஆம் வயதில் சிவில் நீதிபதி பதவிக்குத் தேர்வு பெற்றார். அவரது ஊக்கம் போற்றத்தக்கது. அவருக்குத் துணைநின்ற தாயாரும் கணவரும் அங்ஙனமே போற்றத்தக்கவர். அத்தகைய துணையில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சங்கமே துணையாதல் வேண்டும்.

1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கத்தார் உபகாரச் சம்பளத்தைக் கடனாக அளித்து, கற்று முன்னேறியவர் திருப்பிச் செலுத்த, அடுத்த பிள்ளைக்கு அதனை வழங்கினர். நாமும் மூன்று காரியங்களை மேற்கொள்வோமாக. கலாசாலையிற் சேர்ந்த ஒவ்வொருவர் பெயரையும் ஒரு புஸ்தகத்திற் பதிந்து, பருவந்தோறும் பரீட்சை முடிவைக் குறித்தல் ஒன்று. தவறிய பாடத்துக்கு மீண்டும் பணங்கட்டவும் கற்பிக்கவும் நம் பட்டதாரிகள் முன்வருதல் இரண்டு. மலைப்பிள்ளையாயினும் பிற வகுப்புப் பிள்ளையாயினும் நாடி வந்தால் அப்புஸ்தகத்தில் இடமளித்தல் மூன்று.

நாற்று நட்டவன் களம் காணும்வரை வயலை விட்டகலான். சேர்க்கைக்கு இடும் மாலையைவிடப் பட்டத்துக்கு இடும் மாலை பெரிதாகட்டும்.