பைபாஸும் காலும்
(சித்தூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



பைபாஸ் ஆபரேஷன் என்றால் எல்லோரும் மார்பைப் பற்றித்தான் விசாரிக்கிறோம். நான் பேசப்போவது காலைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி., அவ்வளவுதான்.

இதயத் தமனியில் அடைப்பு வந்தால், அதைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி போடுவதுதான் பைபாஸ். அதற்குக் குழாய் வேண்டுமே? மார்பின் உட்புறச் சுவரில் ஓடும் தமனிதான் நீண்ட நாள் உழைப்பது. ஆனால் மூன்று, நான்கு அடைப்பு என்றால் அது மட்டும் போதாது. அதனால் கணுக்காலிலிருந்து தொடை வரை உட்புறமாக ஓடும் சஃபீனஸ் சிரையை எடுக்கிறார்கள். 1967ல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் டாக்டர் ரெனே ஃபாவலோரோ இந்த முறையை நிலைநிறுத்தினார். நம் தேசத்தில் முதல் பைபாஸை 1975ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார்.

என் அத்திம்பேருக்குக் காலை நீளக் கீறித்தான் எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். மார்புப் புண் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. அவர் சர்க்கரைக்காரர், கால் புண் ஆறு மாதம் படுத்தியது. சீழ், வீக்கம், தினமும் டிரெஸ்ஸிங். அந்த வருஷம் தகப்பனார் சிராத்தத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஹார்ட் பேஷா இருக்கு, கால்தான் பிராணனை வாங்கறது" என்பார்.

இதற்கு மாற்று 1990களில் வந்தது. முழங்காலருகே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் கீறி, கேமரா பொருத்திய மெல்லிய குழலை உள்ளே விடுகிறார்கள். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி, சிரையைச் சுற்றி இடம் உண்டாக்குகிறார்கள். கிளைகளைச் சுட்டுத் துண்டித்து, சிரையை அந்தச் சின்னத் துவாரம் வழியாகவே உருவிவிடுகிறார்கள்.

இதிலும் ஒரு சந்தேகம் எழுந்தது. எடுக்கும்போது சிரை இழுபட்டுச் சேதமானால் பிறகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமே! 2009ல் வெளியான ஓர் ஆய்வு அப்படித்தான் பயமுறுத்தியது. பிறகு அமெரிக்காவில் 16 ராணுவ முன்னாள் வீரர் ஆஸ்பத்திரிகளில் 1,150 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2019ல் அச்சானது. மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை மூன்றையும் சேர்த்தால் கீறி எடுத்தவர்களில் 15.5 சதவீதம், குழல் முறையில் 13.9. இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. கால் புண்ணில் கிருமி பற்றியது மட்டும் 3.1க்கு 1.4. ஆனால் அந்த ஆய்வில் சிரை எடுத்தவர்கள் நூறு கேஸுக்கு மேல் செய்து கை பழகியவர்கள். என் அபிப்பிராயத்தில் விஷயமே அதில்தான் இருக்கிறது. பெரிய சர்ஜன் மார்பைத் திறக்கும் நேரத்தில் காலில் சிரை எடுப்பது பெரும்பாலும் அவருடைய உதவியாளர். அவர் யாரென்று நாம் கேட்பதே இல்லை.

சித்தூர்க்காரர்களுக்கு ஒரு பக்கம் வேலூர் சி.எம்.சி., மறுபக்கம் திருப்பதியில் 1993லிருந்து இயங்கும் ஸ்விம்ஸ். எங்கே போனாலும், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: சிரையை எப்படி எடுப்பீர்கள்? யார் எடுப்பார்? இதுவரை எத்தனை செய்திருக்கிறார்? குழல் முறைக்குத் தனிக் கருவி வேண்டும். அதற்கு எவ்வளவு, இன்ஷூரன்ஸில் வருமா? அவசர கேஸில் இதற்கெல்லாம் அவகாசம் இராது. அப்போது உயிர்தான் முக்கியம்.

இன்னொன்று. காலில் வெரிகோஸ் நரம்புக்கு முன்பே ஆபரேஷனோ லேசரோ செய்துகொண்டவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலில் எடுக்கச் சிரையே இல்லாமல் போயிருக்கலாம். பழைய ரிப்போர்ட் பரணில் இருந்தால் இறக்கி வையுங்கள்.