நிரல் பழையது, கணினி புதியது

சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, பில், வரவு செலவு: ஒரு நிறுவனம் கணினியிடம் முதலில் ஒப்படைக்கும் வேலைகள் இவைதான். 1980களில் இதற்காக மெயின்ஃபிரேம் வாங்கினால் தனிக் கூடம், குளிரூட்டல், இயக்குவதற்கு ஒரு குழு என்று செலவு எகிறும். அன்றைய மேசைக் கணினியோ பல பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் தாங்காது. இடைப்பட்ட நிறுவனங்களுக்குக் கைகொடுத்தவை நடுத்தரக் கணினிகள். அவற்றில் நெடுங்காலம் நிலைத்தது ஐபிஎம்மின் ஏஎஸ்/400.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ராச்செஸ்டர் நகரில் அது உருவானது. அங்கே முன்பு உருவான சிஸ்டம்/36, சிஸ்டம்/38 இரண்டும் வெவ்வேறு அமைப்பு கொண்டவை. இரண்டின் வாடிக்கையாளர்களுக்கும் பொதுவாக ஒரு கணினி வேண்டும் என்று தொடங்கிய ‘சில்வர்லேக்’ திட்டம், 1988 ஜூன் 21 அன்று ஏஎஸ்/400 ஆக வெளிவந்தது.

தரவுத்தளம் இதன் இயங்குதளத்திலேயே அடக்கம். தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, வடிவமைப்பாளர் ஃபிராங்க் சோல்டிஸும் சக பொறியாளர்களும் சிஸ்டம்/38 காலத்திலேயே வகுத்த ஓர் ஏற்பாடு. நிரல் நேரடியாகச் செயலியோடு பேசாது. முதலில் ஓர் இடைநிலை வடிவத்தை எடுக்கும். அதைச் செயலிக்குப் புரியும்படி மாற்றுவது கணினியின் பொறுப்பு.

அந்த முன்யோசனைக்கு 1995இல் சோதனை வந்தது. 48 பிட் செயலியைக் கைவிட்டு, முற்றிலும் வேறான 64 பிட் பவர்பிசி செயலிக்கு ஐபிஎம் மாறியது. இப்படி அடித்தளமே மாறும்போது மென்பொருளைத் திருத்தி எழுத நேர்வது வழக்கம். இங்கோ, இடைநிலை வடிவம் நீக்கப்படாத நிரல்களைக் கணினியே புதிய செயலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. மூல நிரலைத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஏஎஸ்/400 என்ற பெயர் இன்று இல்லை. 2008 முதல் ‘ஐபிஎம் ஐ’ என்ற இயங்குதளமாக, பவர் வரிசைக் கணினிகளில் அதே மரபு தொடர்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஆர்பிஜி மொழியில் எழுதிய நிரல்கள் அங்கே இன்றும் ஓடுகின்றன.

அவற்றை எழுதிய தலைமுறை இப்போது ஓய்வுபெற்று வருகிறது. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன், எந்த அளவுக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி என்பன போன்ற விதிகள் அந்த நிரல்களுக்குள்தான் இருக்கின்றன. எனவே அவற்றைப் படிக்கத் தெரிந்த புதியவர்கள் வேண்டும். நல்லவேளையாக, ஆர்பிஜி மொழியும் இப்போது எளிதாகியிருக்கிறது: ஒவ்வொரு குறியீட்டையும் வரியில் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் எழுத வேண்டும் என்ற பழைய கட்டாயம் நீங்கிவிட்டது. வேறு மொழி பழகிய இளைஞர் ஒருவர் இன்று ஆர்பிஜியைப் படித்து, அந்த விதிகளைப் புரிந்துகொண்டு பராமரிக்க முடியும்.