வம்ச அட்டவணையும் காணியுரிமையும்



நாளாகமம் முதல் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பாலும் பெயர்களே இருக்கின்றன. வேதாகமத்தை ஆண்டுதோறும் வாசித்து முடிக்கிறவர்களிலும் சிலர் இந்த இடத்தில் பக்கங்களைத் தள்ளிவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பக்திக்காக வாசித்தால் அங்கே அலுப்புத்தான் கிடைக்கும். காணி யாருக்கு, பலிபீடம் யாருக்கு என்ற வழக்கில் தாக்கலான ஆவணங்களாக அவற்றை வாசிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். தகப்பன் பேர் அற்றுப்போகாதபடி தங்களுக்கும் காணி வேண்டுமென்று அவர்கள் மோசேயிடம் முறையிட்டதையும், தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆனதையும் எண்ணாகமம் 27 சொல்கிறது. பெண்ணுரிமை வென்றது என்று கைதட்டுவதற்குள் 36ஆம் அதிகாரம் வந்துவிடுகிறது. நிலம் கைமாறக்கூடாது, ஆகவே சொந்தக் கோத்திரத்துக்குள்ளேதான் அவர்கள் மணம் செய்ய வேண்டும்.

1910இல் சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் மையால் எழுதப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்த வட்டாரத்திலிருந்து எவ்வளவு திராட்சரசம், எண்ணெய் வந்தது என்ற கணக்குகள் அவை. அந்த வட்டாரப் பெயர்களில் மனாசேயின் வம்சத்தாரான அபியேசர், ஏலேக், செமீதா ஆகியோர் இருக்கிறார்கள். நோவாளும் ஒக்லாளும்கூட இருக்கிறார்கள்! வேதத்தில் சகோதரிகளாக நிற்பவர்கள் கணக்கப்பிள்ளையின் ஓட்டில் வட்டாரங்களாக நிற்கிறார்கள். அண்டை நிலங்களின் உறவையே இரத்த உறவாக எழுதிவைத்தார்கள் என்று கருதுவோர் உண்டு, நானும் அவர்களோடுதான்.

இரத்தம் என்று பார்த்தாலும் அட்டவணை அவ்வளவு கறார் இல்லை. யூதா வம்சத்துச் சேசானுக்கும் ஆண்பிள்ளை இல்லை. யர்கா என்ற எகிப்திய வேலைக்காரனுக்கு மகளைக் கொடுத்தான். அந்த வழியில் பிறந்த பதின்மூன்று தலைமுறைகளை நாளாகமம் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதிச் செல்கிறது.

ஆனால் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களிடம் கெடுபிடி அதிகம். எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் மூன்று ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகின்றன, அது கிடைக்கவில்லை. உடனே ஆசாரிய ஊழியத்திலிருந்து அவர்கள் விலக்கப்படுகிறார்கள். கடவுளின் தீர்ப்பைக் கேட்டறியும் ஊரீம் தும்மீமோடு ஓர் ஆசாரியன் எழும்பும்வரை மகாபரிசுத்தமான படைப்புகளை அவர்கள் உண்ணக்கூடாது என்றான் அதிபதி. அவர்களில் ஒரு குடும்பம் கோசின் சந்ததி.

நெகேமியா 3இல் எருசலேம் மதிலைப் பழுதுபார்ப்பவர்களில் ஒருவன் மெரெமோத். உரியாவின் மகன், கோசின் பேரன். எஸ்றா 8இல் ஆலயத்துக்கு வந்த வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துப் பெற்றுக்கொள்பவனும் உரியாவின் மகன் மெரெமோத்தான். அங்கே அந்த உரியா ஆசாரியன் எனப்படுகிறான். நாளாகமம் முதல் நூல் 24இல் தாவீது காலத்து ஆசாரிய வகுப்புகளுக்குச் சீட்டுப் போடும்போது ஏழாவது சீட்டு கோசுக்கு விழுகிறது. விலக்கப்பட்ட குடும்பம் மறுபடி ஆசாரியக் குடும்பமாக நிற்கிறது. இடையில் தொலைந்த அட்டவணை கிடைத்ததா, புதிதாக எழுதப்பட்டதா? எந்த நூலும் சொல்லவில்லை. எழுதியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.