வேண்டும் மழையும் அஞ்சும் மழையும்

ஒரே செய்தி இருவர் செவியில் இருவேறு விதமாக ஒலிப்பதுண்டு. காசுமீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாட வருவோர் குளிர்காலம் முழுவதும் வானிலை அறிக்கையையே எதிர்நோக்கியிருப்பர். பனிப்புயல் வருகின்றது என்னும் அறிவிப்பு அவர்களுக்கு விழாச் செய்தி. புதுப்பனி விழுந்தாலன்றி அவர்களுடைய விளையாட்டு சிறப்பதில்லை. ஆயின் அதே பனிப்புயல் சாலைகளை மூடிவிடும். மலைச்சரிவில் பனித்திரள் பெயர்ந்து ஆளை விழுங்கவும் செய்யும். அதனாலன்றோ ஐரோப்பிய மலைநாடுகள் 1993-ஆம் ஆண்டில், பனிச்சரிவின் அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அறிவிக்கும் பொதுமுறை ஒன்றை வகுத்துக்கொண்டன. விரும்பி வரவேற்கும் புயலையே அஞ்சி அளக்கவும் வேண்டியிருக்கின்றது.

பனியையே காணாத சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கும் இது முற்றும் பொருந்தும். அங்கே எதிர்நோக்கப்படுவது வங்கக் கடலின் மழைப்புயல்.

சித்தூர்ச் சீமையில் ஆண்டு முழுவதும் ஓடும் பேராறு ஒன்றும் இல்லை. சுவர்ணமுகி எனத் தெலுங்கர் வழங்கும் பொன்முகலியும், சித்தூர் நகரை ஒட்டி ஓடும் நீவாவும், ஆரணியாறும் பல மாதங்கள் வெறும் மணற்பரப்பாகவே கிடக்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். அதில் தென்மேற்குப் பருவக்காற்று தருவது ஒரு பங்கு. வடகிழக்குப் பருவக்காற்று தருவது ஏறத்தாழ அதற்கு ஈடான மற்றொரு பங்கு. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் ஏரி நிரம்பாது, கிணறு ஊறாது. ஆகவே வங்கக் கடலில் தாழ்வு தோன்றியுள்ளது என்ற செய்தியைக் கேட்டதும் இங்குள்ள உழவர் வாயில் எழும் முதற்சொல் “வரட்டும்” என்பதே.

அந்தச் சொல்லில் குற்றமில்லை. ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழையை மிகுதியாக வேண்டுகின்றவனே மழை எச்சரிக்கையைத் தவறாகக் கேட்கும் நிலையிலும் இருக்கின்றான். ‘மிகக் கனமழை’ என்ற சொல் அவன் காதில் நற்செய்தியாக விழுகின்றது. பல ஆண்டுகளாக மணலாகவே கண்ட ஆறு ஒரே இரவில் கரை புரளும் என்பதை அவன் மனம் ஏற்க மறுக்கின்றது. வறண்ட நாட்டில் வெள்ளம் உயிர் கொள்வதற்கு இந்த நம்பாமையும் ஒரு காரணம்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். வங்கக் கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நவம்பர் 19-ஆம் நாள் விடியுமுன் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அது புயலாக வலுப்பெறவில்லை. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. கரை கடந்த இடமோ திருப்பதிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். எனினும் நவம்பர் 18-ஆம் நாள் திருப்பதி நகரத் தெருக்கள் ஆறுகளாயின. திருமலைக்குச் செல்லும் மலைச்சாலைகளில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. ஸ்ரீவாரி மெட்டு என்னும் நடைபாதை பெரிதும் சிதைந்தது. அது செப்பனிடப்பெற்று மீண்டும் திறக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். மழை ஓய்ந்த பின்னரும் மலை ஓயவில்லை. டிசம்பர் முதல் நாளில் இரண்டாம் மலைச்சாலையில் பெரும்பாறைகள் உருண்டு விழுந்தன.

பெயரற்ற ஒரு தாழ்வு மண்டலம் தொலைவில் கரை கடந்து இங்கே இத்துணை மழையைக் கொட்டியது எங்ஙனம்? நமது பாதி உலகத்தில் தாழ்வு மண்டலத்தின் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். அதனால் மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தாழ்வு மண்டலம் சென்னைக்குத் தெற்கே இருக்குங்கால், ஈரம் செறிந்த கீழைக்காற்று நேரே சேஷாசல மலைத்தொடரை நோக்கி வருகின்றது. மலை அதனை மறித்து மேலே ஏற்றுகின்றது. மேலேறிய காற்று குளிர்கின்றது. குளிர்ந்த ஈரம் மழையாய் இறங்குகின்றது. காற்றின் வேகம் புயலுக்கு உரியது. மழையின் அளவோ ஈரத்துக்கும் மலைக்கும் உரியது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

திருமலை கடினமான பாறைமலை. பெய்த நீரில் பெரும்பகுதி உட்புகாமல் சரிவு வழியே ஓடிவிடும். ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 200 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 20 கோடி லிட்டர் நீர். அந்நீர் கபில தீர்த்தம் போன்ற அருவிகளாய் விழுந்து, மலையடியில் உள்ள நகரின் ஊடே புகுந்து, பொன்முகலியைத் தேடிச் செல்லல் வேண்டும். பழைய ஓடைகளும் ஏரிகளும் அதற்கு வழிவிட்டிருந்தன. ஓடையில் வீடும் ஏரியில் தெருவும் எழுந்த இடங்களில் நீர் தன் பழைய வழியைத் தானே கண்டுகொள்கின்றது.

அந்நாட்களில் இரு நீர்நிலைகளுக்கு நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடையது. சேஷாசலத்துக்கு வடக்கே, அன்றைய கடப்பை மாவட்டத்தில், செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை நவம்பர் 19-ஆம் நாள் காலையில் உடைந்தது. கீழேயிருந்த சிற்றூர்களில் பலர் உயிரிழந்தனர். திருப்பதிக்கு அண்மையில் உள்ள ராயலசெருவு என்னும் பெரிய பழைய ஏரியிலும் கரையில் நீர் கசியத் தொடங்கியது. ஆனால் அங்கே கசிவு கண்டவுடன் தாழ்வான ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர், மணல்மூட்டைகள் அடுக்கிக் கரை காக்கப்பட்டது, ஏரியும் பிழைத்தது. இரண்டையும் நிரப்பியது ஒரே மழை. முன்னதில் மக்களுக்குக் கிடைக்காதது காலம். பின்னதில் கிடைத்ததும் காலமே. வானிலை அறிவிப்பு நமக்குத் தருவது இந்தக் காலத்தை அன்றி வேறொன்றும் அன்று.

அதே மழை நன்மையும் செய்தது என்பதை மறைத்தல் முறையன்று. திருமலையின் பாபவிநாசம், கோகர்ப்பம் முதலிய நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழிந்தன. ஏரிகள் நிறைந்தன, கிணறுகள் ஊறின. வேண்டிய மழையும் அஞ்சிய மழையும் ஒன்றாகவே வந்தன.

அறிவிப்பைக் கேட்கும் முறையை இனி நோக்குவோம். கடலில் உள்ள சுழற்சியின் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் அதற்குப் புயல் என்று பெயர். அதற்குக் குறைந்தவை தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் எனப்படும். இவை காற்றின் தரவரிசை. மழையின் தரவரிசை வேறு. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்வது கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேற்பட்டது அதிகனமழை. ஆகவே ‘புயல் இல்லையாமே’ என்று ஆறுதல் கொள்ளுமுன், மழையைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று கேட்டல் வேண்டும்.

நிறங்களும் உண்டு. மஞ்சள் ‘கவனித்திரு’ என்பது. ஆரஞ்சு ‘ஆயத்தமாயிரு’ என்பது. சிவப்பு ‘செயற்படு’ என்பது. ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. அறிவிக்கப்பட்ட பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் என்பது அதன் பொருள். நம் ஊரில் பெய்யாமற் போனால் அறிவிப்பு பொய் ஆகிவிடாது. பக்கத்து ஊரில் ஏரி உடையும் அளவுக்குப் பெய்திருக்கலாம்.

மாவட்டப் பெயரையும் கூர்ந்து கேட்டல் வேண்டும். 1911-ஆம் ஆண்டில் அமைந்த பழைய சித்தூர் மாவட்டம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் பிரிக்கப்பட்டது. திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளத்தியும் சத்தியவேடும் அதனைச் சார்ந்தன. பழைய பழக்கத்தால் ‘சித்தூர்’ என்ற பெயருக்கே காத்திருப்பவர் தம் ஊருக்குரிய எச்சரிக்கையைத் தவறவிடக்கூடும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. எச்சரிக்கை வருவது அவ்வூர் மொழியில். ஆந்திரத்தில் அல்பபீடனம் என்றால் தாழ்வுப் பகுதி. வாயுகுண்டம் என்றால் தாழ்வு மண்டலம். துபானு என்றால் புயல். வரத என்றால் வெள்ளம். வாகு என்றால் காட்டாறு. அப்ரமத்தமாய் இருங்கள் என்றால் விழிப்பாய் இருங்கள் என்பது. இவற்றைக் கற்பது எளிது. நமக்குத் தெரிந்த சொல்லாகத் தோன்றி வேறு பொருள் தருவனவே இடர் விளைப்பன. ‘பாரீ வர்ஷாலு குரிசே அவகாசம் உந்தி’ என்று தெலுங்கில் சொன்னால், பெருமழை பெய்யும் வாய்ப்பு உள்ளது என்பது பொருள். தமிழில் அவகாசம் என்பது ஓய்ந்திருக்கும் காலம். புதிதாய்க் குடியேறியவர், மழைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று எண்ணி ஆற்றங்கரையில் உறங்கிவிட்டால் என்னாகும்? தீரம் என்பதும் அத்தகையதே. தெலுங்கில் அது கடற்கரை. கருநாடகத்திலோ மராட்டியத்திலோ வாழ்வோரும் தம் ஊர் மொழியில் இத்தகைய பத்துச் சொற்களையேனும் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்பித்து வைத்தல் நலம்.

பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் நம்மவர் திருமலைக்கு வருகின்றனர். பல வாரங்களுக்கு முன்பே தரிசனச் சீட்டும் இரயில் சீட்டும் பெற்றுவிடுவர். குறித்த நாளில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் மனம் தடுமாறுவது இயல்பே. ஆயின் 2021-இல் மழையால் வர இயலாத அடியார்கள் பின்னொரு நாளில் தரிசிக்கத் தேவஸ்தானம் இடமளித்தது. மலைச்சாலையும் நடைபாதையும் மூடப்பட்டிருக்கும்போது அடிவாரத்தில் நின்று வழக்காடுவதில் பக்தி கூடுவதில்லை. நடந்து ஏறுவோர் புறப்படுமுன் பாதை திறந்துள்ளதா என்று கேட்டறிதல் வேண்டும். ஏறத் தொடங்கியபின் மழை வலுத்தால், பாறைச் சரிவின் அடியில் ஒதுங்காமல், மண்டபங்களிலும் காவலர் காட்டும் இடங்களிலும் தங்குதல் வேண்டும்.

மலையில் பெய்த மழை ஆந்திரத்தோடு நிற்பதும் இல்லை. நீவாவின் நீர் பொன்னையாற்றோடு சேர்ந்து பாலாற்றை அடைகின்றது. பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் திறந்தால் ஆரணியாற்றின் வழியே ஊத்துக்கோட்டையில் வெள்ளம். சித்தூரில் குடியிருக்கும் மகன் மழைச் செய்தியைக் கேட்டவுடன், ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள தன் பெற்றோருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டால், அணைநீர் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேரும்.

அறிவிப்பு சில வேளை தவறுவதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ‘மிக்ஜாம்’ புயல் பாபட்லா அருகே கரை கடந்தது. கரையை ஒட்டியே அது வடக்கு நோக்கி ஊர்ந்தபோது சென்னையும் திருப்பதி மாவட்டமும் பெருமழையில் நனைந்தன. அத்தகைய புயல் சிறிது விலகினாலும் ஓர் ஊரின் மழை மற்றோர் ஊருக்குப் போய்விடும். எனினும் 1977-ஆம் ஆண்டு நவம்பரில் திவிசீமையைத் தாக்கிய புயலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் என்பதையும், இன்று அத்தகைய புயல்களில் உயிரிழப்பு மிகக் குறைந்துள்ளது என்பதையும் சேர்த்து எண்ணுவோம். இந்த வேறுபாட்டை உண்டாக்கியவற்றுள் முதன்மையானவை முன்னறிவிப்பும் அதனை நம்பி மேட்டுநிலம் சென்ற மக்களின் அறிவுமே. பத்து முறை வீணாய் வெளியேறியவன் இழப்பது பத்து இரவுகளின் உறக்கம். ஒருமுறை வெளியேறாதவன் இழப்பதற்கு அளவில்லை.

ஆகவே மழை வேண்டும் என்று நாம் தாராளமாக வேண்டுவோம். ஏரிகள் நிறையட்டும், பொன்முகலியில் நீர் ஓடட்டும். அந்த வேண்டுதலோடு ஏரிக்கரையைப் பார்த்து வருவதும், ஓடையின் வழியை அடைக்காதிருப்பதும், முதியோரையும் கால்நடையையும் பகலிலேயே மேட்டில் சேர்ப்பதும் நம் கடமைகளாகட்டும். வருகின்ற மழையை வரவேற்கத் தகுதி பெற்றவர், அது வருமுன் ஆயத்தமானவரே.