மைதானம் யாருடையது?

(சமயநல்லூரில் பெண்கள் கால்பந்துக் குழு அமைப்பது பற்றிய ஊர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துக் குழு வேண்டும் என்ற விஷயத்தைப் பேச நாம் கூடியிருக்கிறோம். "குடிதண்ணீர்ப் பிரச்னை இருக்கிறது, கூலிப் பிரச்னை இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பந்து விளையாட்டுக்கா கூட்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு கோப்பைப் போட்டியின் கதையைச் சொல்கிறோம். அது பந்தைப் பற்றிய கதையா, கூலியைப் பற்றிய கதையா என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரிட்டனில் ஆண்களை லட்சக்கணக்கில் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1915-ல் பீரங்கிக் குண்டுகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. குண்டு செய்ய ஆள் வேண்டுமே! அதுவரை "இது பெண்ணுக்கு ஏற்ற வேலையல்ல" என்று கதவைச் சாத்தி வைத்திருந்த முதலாளிகள், அதே கதவை விரியத் திறந்தார்கள். யுத்தம் முடியும் தறுவாயில் தளவாடத் தொழிலில் மட்டும் சுமார் 9 லட்சம் பெண்கள் வேலை செய்தார்கள். 12 மணி நேர ஷிப்டு. ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலி. டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாண்டவர்களின் தோல் மஞ்சள் பூத்துவிடும். அவர்களைக் 'கானரிப் பெண்கள்' என்று அழைத்தார்கள். கானரி என்பது ஒரு மஞ்சள் குருவி. நச்சு மருந்துக்கு எத்தனை அழகான பெயர் வைத்தார்கள் பாருங்கள்!

இந்தப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். நிர்வாகமும் தடுக்கவில்லை. ஆடினால் உற்சாகம் வரும், உற்சாகம் வந்தால் உற்பத்தி பெருகும் என்பது அவர்கள் கணக்கு. ஆட்டம் வளர்ந்தது. 1917 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன், வேர், டீஸ் என்ற மூன்று ஆறுகளின் கரையில் உள்ள ஆலைகளுக்காக ஒரு கோப்பை அறிவிக்கப்பட்டது. ஆல்பிரட் வுட் தளவாடப் பெண்கள் கோப்பை என்று அதற்குப் பெயர். தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் நடப்பது போலத்தான்.

அந்தக் குழுக்களின் பெயர்களைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். கப்பல் கட்டும் துறைக்கு ஒரு குழு, இரும்பு ஆலைக்கு ஒரு குழு. ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் ஆலையில் 57-ஆம் நம்பர் குண்டுப் பட்டறைக்கே தனியாக ஒரு குழு! இன்று பந்தாட்டக் குழுக்களுக்குப் புலி என்றும் சிங்கம் என்றும் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குத் தங்கள் பட்டறையின் நம்பரே போதுமானதாக இருந்தது.

இவர்களில் பிளைத் என்ற சிறு துறைமுகத்துப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பல் துறையில் குண்டுகளை ஏற்றி இறக்குவது இவர்கள் வேலை. துறைமுகத்துக்கு வந்த கடற்படை மாலுமிகள் கடற்கரை மணலில் இவர்களுக்குப் பந்து விளையாட்டைக் கற்றுக் கொடுத்தார்கள். இவர்களில் ஒருத்தி பெல்லா ரே. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அந்த ஒரு சீசனில் மட்டும் அவள் 133 கோல் போட்டதாகப் பதிவு இருக்கிறது. பிளைத் குழு அந்தச் சீசன் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

1918 மார்ச் 30-ல் நியூகாசிலில், செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிர்த்து நின்றது மிடில்ஸ்பரோவின் போல்கோ வாகன் இரும்பு ஆலைக் குழு. 15,000 பேர் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. மே 18-ல் மிடில்ஸ்பரோவின் அய்ர்சம் பார்க்கில் மறுபடியும் ஆடினார்கள். இரும்பு ஆலைப் பெண்களுக்கு அது சொந்த ஊர். இம்முறை 22,000 ஜனங்கள்! அலங்காநல்லூர் வாடிவாசலில் முண்டியடிக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு, கூட்டம் என்றால் என்ன என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிளைத் 5, போல்கோ வாகன் 0. ஐந்தில் மூன்று பெல்லா ரே போட்டவை. காயம்பட்ட சிப்பாய்களுக்கும் தரும காரியங்களுக்கும் பணம் திரட்டத்தான் அந்தக் காலத்தில் தளவாடப் பெண்கள் ஆடினார்கள். ஆடியவர்கள் பிறகு வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.

சரி, பிறகு என்ன ஆயிற்று?

1918 நவம்பரில் யுத்தம் நின்றது. குண்டு வேண்டாம் என்றால் குண்டு செய்கிறவளும் வேண்டாம். திரும்பி வந்த ஆண்களுக்குப் பழைய இடத்தைக் கொடுக்க 1919-ல் சட்டமே போட்டார்கள். ஆண் தொழிலாளிக்கு வேலை கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கையெழுத்தில் பெண்களை வீட்டுக்கு அனுப்பியவர்கள், அவர்கள் வயிற்றுக்கு என்ன வழி என்று யோசிக்கவில்லை. கோப்பை இரண்டாவது வருஷமும் நடந்தது. ஜாரோ ஊரின் பாமர்ஸ் கப்பல் துறைப் பெண்கள் வென்றார்கள். அதோடு சரி. பட்டறை மூடினால் பட்டறையின் குழு எங்கே நிற்கும்? தோல்வியே அறியாத பிளைத் குழு, யாரிடமும் தோற்காமலேயே மறைந்து போயிற்று.

எல்லாக் குழுக்களும் மறைந்துவிடவில்லை. பிரஸ்டன் நகரத்தில் டிக் கெர் என்ற ஆலைப் பெண்களின் குழு நீடித்தது. 1920 டிசம்பர் 26-ல், லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் இவர்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். மறு வருஷம், 1921-ல், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியை வெட்டிக் கதவடைப்புச் செய்தார்கள். பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். அப்போது பெண்கள் குழுக்கள் ஊர் ஊராக ஆடின. வசூல் சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்து அடுப்புக்குப் போயிற்று. சிப்பாய்க்காகப் பணம் திரட்டியபோது தட்டிக் கொடுத்த பெரிய மனிதர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வருஷம் டிசம்பர் 5-ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டு, அதை ஊக்குவிக்கக் கூடாது, சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. வசூல் பணத்தில் செலவுக்கென்று அதிகம் போகிறது என்றும் ஒரு குற்றம் சாட்டினார்கள். சுரங்கத்து ஆட்டங்கள்தான் காரணம் என்று தீர்மானத்தில் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும். பெண்ணின் உடல் பந்தாட்டத்தைத் தாங்காது என்று டாக்டர்கள் சிலர் அப்போது சாட்சி சொன்னார்கள். 12 மணி நேரம் பீரங்கிக் குண்டு சுமந்தபோது அந்த உடல் தாங்கியதே, அப்போது இந்த டாக்டர்கள் எங்கே போயிருந்தார்கள்?

தடையின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். எந்தப் பெண்ணையும் பிடித்து, 'பந்தை உதைக்காதே' என்று சொல்லவில்லை. மைதானத்தின் சாவியை மட்டும் எடுத்து வைத்துக் கொண்டார்கள். பெண்கள் தனியாகச் சங்கம் வைத்துப் பார்த்தார்கள். 1922-ல் 23 குழுக்களோடு தங்கள் சொந்தக் கோப்பையை நடத்தினார்கள். ஸ்டோக் குழு ஜெயித்தது. அந்தச் சங்கமும் நீடிக்கவில்லை. டிக் கெர் பெண்கள் கிடைத்த திடலில் எல்லாம் ஆடி, 1965 வரை எப்படியோ பிழைத்திருந்தார்கள். தடை நீங்குவதற்குச் சுமார் 50 வருஷம் ஆயிற்று. பாட்டி ஆடிய ஆட்டத்தைப் பேத்திதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இது வெள்ளைக்காரன் ஊர் விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் சளைத்தவர்கள் அல்ல. 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரத்தில் நடந்த தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள், அதைப் பலமுறை வென்றிருந்த மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல் தடவையாகப் பட்டம் வென்றார்கள். 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் கொண்டு வந்தார்கள். 2004 சுனாமியில் குடும்பத்தைப் பறிகொடுத்த கடலூர்ப் பெண் குழந்தைகளில் சிலர் பந்தைக் கற்று மாநில அணிவரை வந்தார்கள்.

நம் மதுரைக்கு வருவோம். 2016-ல் தொடங்கிய சேது எப்.சி. என்ற மதுரைக் குழு, 2019 மே 22-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் குழுவை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை எடுத்தது. 12 குழுக்கள், பிரிவு ஆட்டங்கள் முடிந்து அரையிறுதிக்கு வந்துவிட்டால் தோற்றவர் வெளியே. நாட்டிலேயே முதல் குழு நம் மதுரைக் குழு! ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்கள்? பார்த்திருக்க முடியாது. அந்த வருஷம் எல்லா ஆட்டங்களும் பஞ்சாபில் ஒரே ஊரில் நடந்தன. மே 5-ல் தொடங்கி 22-ல் முடிந்தது. மொத்த சீசனுக்கும் 18 நாள். மீதி 347 நாளும் ஆட்டக்காரி என்ன செய்வாள், எதைச் சாப்பிடுவாள்?

இங்கேதான் பிளைத் பெண்களின் கதை நமக்கு உபயோகப்படுகிறது. மதுரையை எதிர்த்து நின்றது எந்தக் குழு? போலீஸ் குழு. அங்கே பந்து ஆடுகிறவளுக்குப் பின்னால் ஓர் உத்தியோகம் நின்றது. நம் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியபோது தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். திறமை எல்லா ஊரிலும் முளைக்கிறது. மாதச் சம்பளம் இருக்கிற இடத்தில்தான் அது 25 வயது வரை தாங்குகிறது. இல்லாத இடத்தில் 16 வயதில் காய்ந்துவிடுகிறது.

16 வயதில் நம் பெண் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். திண்டுக்கல், திருப்பூர், கோவைப் பக்கத்துப் பஞ்சாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம், ஆலைக்குள்ளேயே விடுதி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகையும் கிடைக்காமல் போகும். அந்த விடுதிகளில் வாயில் காவலாளியைக் கேட்காமல் ஒரு பெண் வெளியே கால் வைக்க முடியாது. பெல்லா ரேயின் முதலாளியும் ஒன்றும் தரும சீலன் அல்ல. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரு திடல் இருந்தது. நம் பெண்ணுக்கு அதுகூட இல்லை.

ஆகவே, கோரிக்கை. பங்குனியிலிருந்து கண்மாய் வறண்டு கிடக்கும் மாதங்களில் பிள்ளைகள் அதற்குள் ஆடலாம். தண்ணீர் வந்துவிட்டால்? பையன்கள் ரோட்டோரத்தில் கூட ஆடிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளை அப்படி விட உங்களுக்கு மனசு வராது, நாங்களும் விடச் சொல்லவில்லை. ஊருக்குள் இருக்கும் பொதுத் திடலை வாரத்தில் மூன்று நாள், மாலை 5 முதல் 6½ வரை, பெண்களுக்கென்று ஊராட்சி எழுத்து மூலம் ஒதுக்க வேண்டும். வாய் வார்த்தை கூடாது. வாய் வார்த்தையாகக் கொடுத்த மைதானத்தை எவ்வளவு சுலபமாகப் பிடுங்கலாம் என்பதைத்தான் இவ்வளவு நேரம் கேட்டீர்கள். திடலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை விளக்கு எரிய வேண்டும். ஷிப்டுக்குப் போகும் பெண்களும் சேர்வதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையையும் அவர்களுக்கு விட வேண்டும். மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடத் தாய்மார்கள் முதலில் வர வேண்டும். அப்பாக்கள் பின்னால் வந்து சேர்ந்து கொள்ளட்டும்.

மனுவுக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு இரண்டு பந்துகளோடு கண்மாய்க்குள் இருப்போம். பையன்களிடம் பேசியாகிவிட்டது; அவர்கள் கிரிக்கெட்டை 8 மணிக்கு மேல் வைத்துக் கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலணி இல்லாவிட்டால் பரவாயில்லை, முள்ளைப் பொறுக்கி வைத்திருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம்.